தெற்கே தலை வைத்த குழிகள்

பிரதிவாதி தாக்கல் செய்த எதிர்வழக்குரையில் மூன்று வாக்கியங்கள்தான் முக்கியம். தாவாச் சொத்தில் புதைகுழி எதுவும் கிடையாது. அது நெடுங்காலமாக வேலிமுள் மண்டிக் கிடக்கும் தரிசு. வாதிகள் சொல்லும் சுடுகாடு வழக்குக்காகப் புனைந்தது. மற்றதெல்லாம் எந்த வழக்கிலும் வருகிற வாடிக்கையான மறுப்பு.

இந்த மூன்றையும் பொய்யென்று காட்ட அன்றைக்கு வாதித் தரப்பு வக்கீல்களான எங்கள் கையில் ஒன்றுமில்லை. பெயர் வெட்டிய கல் இல்லை. போட்டோ இல்லை. யாரை எங்கே புதைத்தார்கள் என்று ஊராட்சியில் பதிவேடு இல்லை. நேரில் போய் நின்றாலும் ஆள் உயரத்துக்கு முள்தான் தெரியும். அதற்குள் நான்கு தலைமுறை புதைந்து கிடக்கிறது என்பது வழக்குப் போட்ட அருந்ததியர் வளவில் இருந்த குடும்பங்களுக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. அதைக் கோர்ட் ஏற்கும் சாட்சியமாக மாற்றியாக வேண்டும். எப்படி மாற்றினோம் என்பதைத்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயரையும் கட்சிக்காரர்கள் பெயரையும் விட்டுவிடுகிறேன். இரு தரப்பும் இன்றும் அதே ஊரில், ஒரே மண் பாதையில் நடமாடுகிறவர்கள்.

கோவையிலிருந்து சத்தியமங்கலம் போகும் சாலையும், அவிநாசியிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையும் அன்னூரில்தான் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. சுற்றிலும் செம்மண் காடு, மானாவாரிச் சோளம், அடி காணாத போர்வெல். அத்திக்கடவுத் தண்ணீர் வரும் வரும் என்று அரை நூற்றாண்டு காத்திருந்த பூமி. திட்டம் திறக்கப்பட்டது 2024 ஆகஸ்டில்தான். தண்ணீருக்கு முன்பே விலை வந்துவிட்டது. சாலையோரத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மனைகளாயின. பிறகு அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டங்களில் 3,862 ஏக்கரில் தொழிற்பூங்கா என்று 2021-ல் அரசு அறிவித்தபோது விவசாயிகள் திரண்டு எதிர்த்து நின்றார்கள். அந்தப் போராட்டத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் காட்டுவதற்குப் பட்டா இருந்தது. நான் சொல்லப்போகும் இடம் அதற்குச் சில வருடங்கள் முன்பே, பட்டா என்ற ஒன்றே இல்லாத காரணத்தால், சத்தமில்லாமல் கை மாறப் பார்த்தது.

அந்த இடுகாட்டுக்கு உரியது அருந்ததியர் வளவு. கவலை இறைத்த காலத்தில் தோட்டத்துக் கிணறுகளுக்குத் தோல் பறி தைத்துக் கொடுத்தவர்கள், பண்ணையத்தில் ஆண்டுக் கூலிக்கு இருந்தவர்கள், ஊர்ச் சாவுக்குத் தப்பட்டை அடித்தவர்கள். வளவுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே இரண்டு தோட்டங்கள். வேலியோரமாக ஒரு வண்டித்தடம். தடத்தின் பாதியில் ஒரு சுமைதாங்கிக் கல். தடம் முடியும் இடத்தில் அரிச்சந்திரன் கல். பாடையை அங்கே இறக்கி, திசை மாற்றித் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள்.

2014 வாக்கில் பக்கத்துத் தோட்டம் கைமாறியது. வாங்கியவர் மனை பிரிப்பவர். லேஅவுட்டுக்கு அகலமான வழி வேண்டும். அந்த வழி சுடுகாட்டின் மேற்கு ஓரத்தின் மீது விழுந்தது. ஒருநாள் விடிகாலை ஜே.சி.பி. வந்து முள்ளை வேரோடு வாரி ஒதுக்கியது. முள்ளோடு எலும்பும் வந்தது. வளவு ஜனம் ஓடிப்போய் வண்டியை மறித்தது. காவல் நிலையத்தில் கொடுத்த புகார் 'சிவில் தகராறு' என்ற ஒரு குறிப்போடு திரும்பியது. புதைகுழியில் அத்துமீறுவது அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டம் 297-ஆம் பிரிவில் தனிக் குற்றம் என்று நான் எழுதிக் கொடுத்த பிறகுதான் ரசீது கிடைத்தது.

உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம் என்றார்கள் இளம் வக்கீல்கள். எனக்கு அதில் தயக்கம். குழி இருக்கிறதா இல்லையா என்பது நிகழ்வு சார்ந்த தகராறு. ரிட் நீதிமன்றம் சாட்சி விசாரித்து அதைத் தீர்க்க உட்காராது. 'சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்' என்று அனுப்பிவிடும். அதனால் நேராக முன்சீஃப் கோர்ட்டில், சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 1 விதி 8-ன்படி, வளவு மக்கள் அனைவருக்குமான பிரதிநிதித்துவ வழக்காகப் போட்டோம். அரசையும் பிரதிவாதியாகச் சேர்த்தோம். 80-ஆம் பிரிவு இரண்டு மாத நோட்டீஸ் கேட்கும், ஜே.சி.பி. அவ்வளவு காலம் காத்திருக்காது. அவசரம் காட்டி, நோட்டீஸ் இல்லாமல் வழக்குப் போட அனுமதி வாங்கினோம்.

வாதியாக யார் நிற்பது என்பது அதைவிடச் சிக்கல். முதலில் முன்வந்தவர் ஒரு பெரியவர். அடுத்த வாரமே அவர் வீட்டுப் பெண்களைக் களை எடுக்கக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். 'எனக்குப் பரவாயில்லீங்க, புள்ளைக சோத்துக்கு என்ன பண்றதுங்க?' என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கடைசியில் நின்றவர்கள் இரண்டு பேர்: நூல் மில்லுக்குப் போகும் ஓர் இளைஞர், திருப்பூர் பனியன் கம்பெனி வேனில் போய் வரும் ஒரு பெண். தோட்டக்காரர் கையில் கூலி வாங்காதவர்களால்தான் தோட்டக்காரர் மீது வழக்குப் போட முடிந்தது. கொங்கு நாட்டில் பல உரிமை வழக்குகளுக்குப் பின்னால் இந்தக் கம்பெனி வேன் நிற்கிறது.

முதலில் பதிவேடுகள். இன்றைய 'அ' பதிவேட்டில் மயானம் புறம்போக்கு என்று ஒரு சர்வே எண் இருந்தது; ஆனால் வளவு ஜனம் காட்டிய இடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்குள் இல்லை. அந்தப் பங்கு பக்கத்துப் பட்டாவின் உட்பிரிவாகப் போயிருந்தது. எப்போது போனது? 1979-ல் தொடங்கி 1987 வரை தமிழ்நாடு முழுக்க நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில். கிராமத்தில் யு.டி.ஆர். என்றால்தான் தெரியும். ஏக்கர், சென்ட் கணக்கு ஹெக்டேர், ஏர்ஸ் ஆன காலம் அது. இடையில் 1980-ல் கர்ணம், மணியகாரர் பதவிகளையே அரசு ஒழித்துவிட்டது. எந்தக் குழி எந்த எல்லையில் என்று வாய்வழியாகத் தெரிந்து வைத்திருந்த ஆட்கள் கணக்கை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். புதிதாக வந்தவர்கள் தோட்டக்காரர் காட்டிய வேலியை எல்லையாக எழுதினார்கள். அந்த வேலி அதற்குள் இரண்டு மூன்று முறை நகர்ந்திருந்தது.

எனவே அதற்கும் முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் சான்று நகலுக்கு மனுப் போட்டோம். வந்த நகலில் விஸ்தீரணம் முழுதாக இருந்தது. குறிப்புக் கலத்தில் அந்தச் சாதியின் பழைய பெயரும், சுடுகாடு என்பதும் இருந்தன. புல எண் வரைபடமும் அதற்குப் பொருந்தியது. அந்தச் சாதிப் பெயரை இன்று யாரும் முகத்துக்கு நேரே சொன்னால் வழக்கு வரும். அன்று அதை எழுதிவைத்த குமாஸ்தாதான் இந்த வழக்கில் எங்களுக்கு முதல் சாட்சி. அன்று நடைமுறையில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் பொதுப் பதிவேட்டின் பதிவு ஏற்கத்தக்கதாக இருந்தது. அரசு வரைந்த வரைபடம் சரியானது என்று 83-ஆம் பிரிவு அனுமானித்தது.

ஆனால் அதே 83-ஆம் பிரிவின் பின்பாதியைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு வழக்குக்காக வரைந்த வரைபடம் சரியானது என்பதைத் தனியே நிரூபிக்க வேண்டும். குழிகளின் வரைபடம் எந்த அரசிடமும் இல்லை. அதை நாங்கள்தான் வரைய வேண்டும். வரைந்தால் அது வழக்குக்காக வரைந்தது. ஆக, ஒவ்வொரு குழியும் குறுக்கு விசாரணைக்குத் தாங்க வேண்டும். பதிவேடு நிலத்தை நிரூபிக்கும். நிலத்தில் ஆட்கள் படுத்திருப்பதை அது நிரூபிக்காது.

முள்ளை அகற்றுவதிலேயே எச்சரிக்கை வேண்டியிருந்தது. சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கினால் மேடு கலைந்துவிடும். எதிர்த்தரப்பு வேலையை நாங்களே செய்தது போலாகிவிடும். தரைமட்டத்தோடு அருவாளால் வெட்டி, வேரை மண்ணிலேயே விட்டோம். உண்ணிச்செடியைக் கையால் ஒதுக்கினோம். கபடி ஆட்டத்துக்குக் கோடு கிழிப்பது மாதிரி சுண்ணாம்புப் பொடியால் கட்டம் கட்டமாகப் பிரித்தோம். கட்டத்துக்கு ஓர் எழுத்து, குழிக்கு ஓர் எண். எண்ணைக் கல்லில் எழுதவில்லை. குச்சியில் தகரம் அடித்துத் தள்ளி நட்டோம். குழிமேட்டுக் கல்லில் பெயின்ட் அடிக்க வளவில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. அது நியாயமும்கூட.

உச்சி வெயிலில் எடுத்த போட்டோவில் வெறும் தரைதான் விழுந்தது. குழி வெட்டும் குடும்பத்துப் பெரியவர்தான் வழி சொன்னார்: 'காத்தால வாங்க சார். வெயில் சாஞ்சு உழுவறப்ப ஒவ்வொண்ணா எந்திரிச்சு நிக்கும்.' அப்படியே நடந்தது. பொழுது கிளம்பிய முதல் அரை மணி நேரத்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழுந்தது. கண்ணுக்குத் தட்டுப்படாத மேடு, பள்ளம் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன.

அந்த வரிசையில்தான் வழக்கின் உயிர்நாடி இருந்தது. அத்தனை மேடும் வடக்கு தெற்காக நீண்டிருந்தன. பிணத்தைத் தெற்கே தலை வைத்துக் கிடத்துவது நம் வழக்கம். மழை அரித்த மேடோ, யாரோ கொட்டிய மண்ணோ திசை பார்த்துப் படுக்காது. இன்னொன்றையும் பெரியவர் காட்டினார். மேல்மண் சிவப்பு, தோண்டத் தோண்டக் கீழே வெள்ளைச் சுக்கான் கல். குழி வெட்டி மூடும்போது அடிமண் மேலே வந்துவிடும். அதனால் பழைய குழியின் மேல் சிவப்பும் வெள்ளையும் கலந்த மண். பக்கத்தில் உழாத தரையில் சுத்தச் சிவப்பு. சில குழிகள் மேடாக இல்லாமல் பள்ளமாக இருந்தன. உள்ளே உடல் இற்றதும் மண் அமுங்கிய பழங்குழிகள் அவை. தலைமாட்டில் ஒரு கல், சிலவற்றில் கால்மாட்டிலும் ஒன்று. சிலவற்றில் கற்றாழை. வடகிழக்கு மூலையில் கை அகலக் கற்களோடு நெருக்கமாகக் கிடந்தவை குழந்தைகளுடையவை. எழுத்து இருந்தது ஒரே குடும்பத்தின் குழிகளில்தான், அவர்கள் கிறிஸ்தவர்களாகிவிட்டவர்கள். சிமென்ட் சிலுவையில் தேதி இருந்தது.

பிறகு பெயர்கள். இங்கே ஒரு முறையைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தோம். எல்லோரையும் ஒன்றாகக் கூட்டிக் கேட்கவில்லை. குடும்பம் குடும்பமாகத் தனித்தனியே உள்ளே அழைத்துப் போய், யார் எங்கே என்று காட்டச் சொல்லி, எண்ணுக்கு நேரே எழுதினோம். பக்கத்துக் குழி யாருடையது என்றும் கேட்டோம். கடைசியில் பட்டியல்களைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு குடும்பம் தன்னுடையது என்று காட்டியதை அடுத்த குடும்பமும் அவர்களுடையது என்றே சொல்லியிருந்தது. பொருந்தாத இடங்களும் வந்தன. அவற்றைப் 'பெயர் தெரியவில்லை' என்று தனியாக வைத்தோம். அப்படி ஒரு பகுதி இருந்தது நல்லதாகப் போயிற்று. எல்லாம் பொருந்திய பட்டியலை எந்த நீதிபதியும் நம்பமாட்டார்.

வருடம் கேட்டால் யாருக்கும் எண்ணில் வராது. 'காமராசர் செத்த புரட்டாசிக்கு அடுத்த மாசம்', 'அண்ணா செத்தன்னிக்கு மூணாம் நாள் கருமாதி', 'இந்திரா காந்தியைச் சுட்ட வருசம்', 'எம்.ஜி.ஆர். போன மார்கழி' என்றுதான் வரும். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3, காமராசர் 1975 அக்டோபர் 2, இந்திரா 1984 அக்டோபர் 31, எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24. தேதி தானாக அமைந்துவிடும். பிறகு காகிதம் தேடினோம். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்குப் பிறகும் வளவில் பாதிப் பேர் சாவு பதிவாகவில்லை. ஆனால் முதியோர் உதவித்தொகை நின்ற மாதம் தெரிந்தது. ரேஷன் கார்டில் பெயர் அடித்த தேதி கிடைத்தது. பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் தகப்பன் பெயருக்கு முன் 'லேட்' விழுந்த வருடம் கிடைத்தது. அரசு ஒருவரை உயிரோடு இருக்கும்போது கவனிக்காவிட்டாலும், பணம் கொடுப்பதை நிறுத்தும்போது கட்டாயம் குறித்துக்கொள்கிறது.

பட்டியல் இருநூற்றைத் தாண்டியது. அதன்பின் ஆணை 26 விதி 9-ன்படி அட்வகேட் கமிஷனர் கேட்டு மனுப் போட்டோம். கமிஷனர் ஓர் இளம் பெண் வக்கீல். சர்வேயரோடு வந்தார். பதிவேட்டின்படி மூன்று எல்லைகள் கூடும் முக்கல்லைத் தேடினால் ஒன்று மட்டும் மண்ணுக்குள் கிடைத்தது, அதிலிருந்து அளந்தார்கள். எங்கள் எண்ணுக்கு எண் சரிபார்த்தார். இரு தரப்பும் பக்கத்தில் நிற்க, மேடுகளின் நீளம், திசை, மண் நிறம், கல் எல்லாவற்றையும் குறித்தார். ஒரு குழியையும் தோண்டவில்லை. தோண்டாமலே இத்தனை சொல்ல முடிந்தது. கமிஷனர் அறிக்கை வந்துவிட்டால், விதி 10-ன்படி அதுவே சாட்சியம். எங்கள் போட்டோக்களுக்குச் சாட்சியச் சட்டம் 65பி பிரிவுச் சான்றிதழ் இணைத்தோம். 2014-ல் உச்ச நீதிமன்றம் அன்வர் வழக்கில் அந்தச் சான்றிதழைக் கட்டாயமாக்கியிருந்தது.

எதிர்த்தரப்பு சீனியர் திறமைசாலி, பண்பானவரும்கூட. எங்கள் மூன்றாவது சாட்சி, எண்பதைத் தாண்டிய ஒரு மூதாட்டி. வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். வளவே அவரை அவ்வா என்றுதான் கூப்பிடும். சீனியர் அவரை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கேட்க ஆரம்பித்தார்.

'ஏனுங்கம்மா, கல்லுல பேரு இல்லை. எல்லா மேடும் ஒரே மாதிரி இருக்குது. இது உங்க பையன் குழின்னு எப்படிச் சொல்றீங்க?'

'எங்க மாமியா காலமாட்டுல எம் பெரிய பையனுங்க சாமி. அவனுக்குக் கெழக்கால எம் மவ. அவளுக்கு அக்கட்டால எங்க கொழுந்தனாரு. வரிசையாத்தானுங்களே வெச்சோம்.'

'உங்க மாமியாவோடதுன்னு எப்படித் தெரியும்?'

'நாந்தானுங்களே பால் ஊத்துனேன்.'

சீனியர் திரும்பத் திரும்ப வேறு வழியில் கேட்டுப் பார்த்தார். உறவு முறை ஓரிடத்திலும் பிசகவில்லை. கோர்ட்டில் இருந்த வரைபடத்தை நீதிபதி மேசைமேல் விரித்து, அவ்வா சொல்லச் சொல்ல எண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவ்வாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வரைபடத்தை அவர் பார்த்ததும் இல்லை. அவர் சொன்ன வரிசையும் கமிஷனர் போட்ட எண் வரிசையும் ஒன்றாக ஓடின. அந்த இடுகாடு ஒரு வம்சாவளி அட்டவணைப்படி நிரம்பியிருந்தது; அவ்வா அதை மனதில் வைத்திருந்தார்.

சட்டமும் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. ஓர் ஊரின் பொது உரிமை, வழக்கம் பற்றி, அதை அறிந்திருக்கக்கூடியவர்களின் கருத்து ஏற்கத்தக்கது என்றது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு. அங்கே எடுத்துக்காட்டாகக் கொடுத்திருப்பது, ஒரு கிராமத்தார் ஒரு குறிப்பிட்ட கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமை. கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவர்களின் ஊரில், அதே பிரிவை வைத்துச் சுடுகாட்டு உரிமையை வாதாடினேன். வண்டித்தடத்துக்கு அந்தச் சுமைதாங்கிக் கல் பேசியது. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாக, சுமையோடு நடப்பவர்கள் இறக்கி வைக்கும் உயரத்தில் நடுவது அது. ஆள் நடக்காத இடத்தில் எவரும் அதை நடமாட்டார்கள்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே 2016 ஜனவரியில் அன்றைய நாகை மாவட்டம் திருநாள்கொண்டச்சேரிச் செய்தி வந்தது. இறந்த தலித் முதியவரின் உடலைப் பொதுப்பாதையில் எடுத்துப்போக உயர் நீதிமன்றம் உத்தரவிட்டும், போலீஸே உடலைத் தூக்கிக்கொண்டு வேறு வழியில் போய்ப் புதைத்தது. அதே மாதம் 26-ஆம் தேதி, திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மயானத்தையும் அதற்குப் போகும் வழியையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது அதில் வெளிப்படையாகவே குற்றமாக எழுதப்பட்டிருந்தது. சட்டம் வந்த பிறகும் நிலைமை எப்படி என்பதை 2019 ஆகஸ்ட் காட்டியது. வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் பாதை மறுக்கப்பட்டு, பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து உடலைக் கயிறு கட்டி இறக்கினார்கள். உயர் நீதிமன்றம் அதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

எங்கள் வழக்கின் இறுதி வாதத்தில் நான் பெரிதாக நம்பியது ஜக்பால் சிங் வழக்கை. பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தை ஆக்கிரமித்தவர்கள் மீது 2011 ஜனவரி 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கிராமப் பொது நிலங்களின் பட்டியலில் சுடுகாட்டையும் இடுகாட்டையும் சேர்த்தே சொன்னது. ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. எதிர்த்தரப்பின் கடைசி வாதம், ஊர் மாறிவிட்டது, டவுனில் எரிவாயு தகனமேடை இருக்கிறது, இனி இது எதற்கு என்பது. அதற்கு நான் கொடுமணலைச் சொன்னேன். அன்னூரிலிருந்து ஒரு காலைப் பயணத்தில் போய்விடக்கூடிய நொய்யல் கரை. அங்கே 1980களிலிருந்து அகழாய்வு செய்து, இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஈமக்குழிகளை அளந்து, எண் போட்டு, பாதுகாக்கிறோம். யாரென்றே தெரியாதவர்களின் குழிக்கு அந்த மரியாதை. பேரப்பிள்ளைகள் எதிரில் நின்று பெயர் சொல்லும் குழிக்கு ஜே.சி.பி.யா?

2018-ல் தீர்ப்பு வந்தது. செட்டில்மென்ட் பதிவேட்டின்படி முழு விஸ்தீரணமும் மயானம் என்று விளம்புகை. பிரதிவாதிக்கு நிரந்தரத் தடை. வண்டித்தடத்தின் மீது மக்களுக்கு உரிமை. யு.டி.ஆரில் விழுந்த பிழையைத் திருத்தி எல்லைக்கல் நடும்படி வருவாய்த் துறைக்கு உத்தரவு. மேல்முறையீடும் தள்ளுபடியானது. கமிஷனரின் வரைபடமும் பெயர்ப் பட்டியலும் தீர்ப்பாணையின் பகுதியாகவே இணைக்கப்பட்டன. ஜே.சி.பி. புரட்டிய ஓரத்தில் இருந்தவர்களின் பெயர்கள் பட்டியலில் இருக்கின்றன, எண்கள் இல்லை.

சில வருடம் கழித்து அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி படித்தேன். ஃப்ளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில், 1901-ல் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கிய சயான் இடுகாடு வரைபடத்திலிருந்தே காணாமல் போய், அதன்மேல் வீடுகள் வந்துவிட்டன. 2019-ல் ஒரு நாளிதழ் தோண்டித் துருவியதும், தரையை ஊடுருவும் ராடார் வைத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சவப்பெட்டிகள் அப்படியே கீழே இருந்தன. நியூயார்க்கில் 1991-ல் அரசு அலுவலகத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது நானூற்றுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களின் எலும்புக்கூடுகள் வந்தன. 2006-ல் அந்த இடம் தேசிய நினைவிடமானது. அந்நாட்டுக் கறுப்பின மக்களின் கிராமத்து இடுகாடுகளில் அடையாளம் என்னவென்றால் வயல் கல், சிப்பி, யுக்கா செடி. நம் கற்றாழையின் வேலையை அங்கே யுக்கா செய்கிறது. பெயர் வெட்டக் கல்லும் காசும் எழுத்தும் மறுக்கப்பட்டவர்கள் உலகத்தில் எங்கும் ஒரே வழியைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்த இடுகாடுகளைக் கண்டறிந்து ஆவணப்படுத்த உதவும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது.

நம்மிடம் அப்படியொரு சட்டம் இல்லை. இருப்பது சில நல்ல தீர்ப்புகள். 2021 டிசம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் மாடூர் அருந்ததியர் மயான வழக்கில் நீதிபதி ஆர். மகாதேவன், மயானங்களில் உள்ள சாதிப் பெயர்ப் பலகைகளை அகற்றவும், எல்லோருக்கும் பொதுவான மயானங்களை ஊக்குவிக்கவும் சொன்னார். சாதி வேறுபாடில்லாத மயானம் உள்ள சிற்றூர்களுக்கு 10 லட்ச ரூபாய் பரிசு என்று தமிழக அரசும் அறிவித்திருக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பொது மயானம் வரும்போது பழைய இடுகாடு என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. 'இப்போதுதான் பொது மயானம் வந்துவிட்டதே' என்பதுதான் எங்கள் வழக்கின் எதிர்த்தரப்பு வாதமும். புதிய இடத்தில் சேர்ந்து எரிப்பதற்காக, பழைய இடத்தில் புதைந்தவர்களை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு சட்டக் குறிப்பு. இந்தக் கட்டுரையை எழுதியதே இதற்காகத்தான். பொது உரிமை பற்றி, இறந்துபோன ஒருவர் சொல்லியோ எழுதியோ வைத்தது சாட்சியமாகும். ஆனால் தகராறு கிளம்புவதற்கு முன் சொன்னதாக இருக்க வேண்டும். பழைய சட்டத்தில் அது பிரிவு 32(4). 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்திலும் அதே விதி தொடர்கிறது. எங்களுக்கு அவ்வா உயிரோடு இருந்தார். வழக்கு முடிந்த இரண்டாம் வருடம் அவர் இல்லை; அவரையும் அங்கேதான் வைத்தார்கள். அந்த ஜே.சி.பி. சில வருடம் தாமதமாக வந்திருந்தால், எங்களிடம் வெறும் சர்வே எண்தான் இருந்திருக்கும்.

எனவே வளவுகளில், காலனிகளில், சேரிகளில் இருக்கிற படித்த பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இணையத்தில் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் எடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். இரண்டின் விஸ்தீரணமும் ஒன்றுதானா என்று பாருங்கள். வயதானவர்களைக் காலை வெயிலில் இடுகாட்டுக்கு அழைத்துப் போய், குழிக்கு எண் போட்டுப் பெயர் எழுதுங்கள். சொன்னவர் கைநாட்டையும் தேதியையும் வாங்குங்கள். அந்தப் பட்டியலை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வரும் ஏதாவது ஒரு கிராம சபையில் வைத்துத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். சண்டை வந்த பின் எழுதும் பட்டியலை வரிக்கு வரி நிரூபிக்க வேண்டும். சண்டைக்கு முன்பே எழுதி வைத்த பட்டியலுக்குக் கோர்ட்டில் தனி எடை உண்டு.